பதினெட்டு அடிச் சுவருக்கு எந்தப் பகா எண்?

கோபிக்கும் சத்திக்கும் நடுவே, பவானி ஆற்றின் ஈரக்காற்று படுகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். போன கோடை விடுமுறையில் கணித அறைக்கு வெள்ளையடித்தார்கள். கரும்பலகைக்கு எதிர்ச்சுவர் பதினெட்டு அடி; சன்னல் கிடையாது, அலமாரி கிடையாது. அதில் ஒரு பெரிய பகா எண்ணை, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிற எண்ணை, எழுதிவைக்கலாம் என்று சொன்னவள் நான்தான். தலைமையாசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். சங்ககிரிப் பட்டறைகளில் லாரிகளுக்கு எழுத்து எழுதிக் கைபழகிய பெயின்டர் ஒருவர் வந்தார். சுவரை டேப் வைத்து அளந்துவிட்டு, "நம்பரைத் தாள்ல எழுதிக் குடுத்துருங்க டீச்சர். ஒரு நம்பருக்கு அரை அடி உட்டாத்தானுங் கடைசி பெஞ்சுக்குத் தெரியும். முப்பத்தாறு நம்பர் வரைக்கும் ஒரே வரிசைல புடிக்குமுங்" என்றார்.

தாளில் எதை எழுதுவது என்பதில் பத்து நாள் போயிற்று. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். எது பெரியது என்று மட்டும் பார்த்தால் தேர்வே தேவையில்லை. எனக்கு வேண்டியது வேறு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்த எண்ணை நிமிர்ந்து பார்க்கும்போது, "இது பகா எண்தானா?" என்று கேட்க வேண்டும், கேட்டபின் கையில் பேனாவும் நோட்டும் எடுத்து ஏதாவது செய்யவும் முடிய வேண்டும். சொன்னதை நம்பிக்கொள் என்று சுவர் சொன்னால், அந்த அறையை நான் கணித அறை என்று கூப்பிட மாட்டேன். ஐந்தாறு எண்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். மற்ற பள்ளிக்கூடங்களில் இதே யோசனை இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லோர் வாயிலும் வந்தது உலகிலேயே பெரியது. 2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட், ஜிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடல் திட்டத்தின் வழியாகக் கண்டுபிடித்தது. 2ஐ 136279841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. நான் இதை எழுதும்வரை தெரிந்த பகா எண்களில் அதைவிடப் பெரியது இல்லை. 4,10,24,320 இலக்கங்கள். பெயின்டரின் அரை அடிக் கணக்கை விடுங்கள். இலக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று நெருக்கி எழுதினாலும் 820 கிலோமீட்டர் நீளம் வரும். ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம், ஏறக்குறைய.

அடுக்கு வடிவில் எழுதினால் இரண்டு அடிக்குள் அடங்கிவிடும். அதற்காக இதை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை, ஏனென்றால் இந்த எண்ணிடம் பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு அருமையான கணக்கு இருக்கிறது. இத்தனை இலக்கம் என்று எப்படித் தெரியும்? அடுக்கை 2இன் மடக்கையால் (லாகரிதம்) பெருக்கி, முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். மடக்கை அட்டவணையில் இருக்கிற 0.3010ஐப் போட்டால் 4,10,20,233 வருகிறது. நான்காயிரம் இலக்கம் குறைவு. 0.30103 என்று ஐந்து தசம இடம் போட்டால் 4,10,24,321. ஓர் இலக்கம் கூடுதல். 0.30102999566 வரை போனால்தான் பெருக்குத்தொகை 41024319.945 என்று வந்து, சரியான விடை கிடைக்கிறது. எத்தனை தசம இடம் போதும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. அந்த .945ஐ வைத்தே, முதல் இலக்கம் 8 என்றும் சொல்லிவிடலாம். கடைசி இலக்கத்துக்கு மடக்கைகூட வேண்டாம். 2, 4, 8, 6 என்று சுழலும் கடைசி இலக்க வரிசையில் 136279841ஐ 4ஆல் வகுத்த மீதி 1; ஆக 2இன் அந்த அடுக்கின் கடைசி இலக்கம் 2, ஒன்றைக் கழித்தால் 1.

ஆனால் அது பகா எண் என்பதை? எங்கள் பிள்ளைகளால் முடியாது. என்னாலும் முடியாது. தரவு மையங்களில் ஓடும் வலிமையான வரைகலைச் சில்லுகளை (GPU) வைத்துக் கண்டுபிடித்தது அது. இன்னொன்று, நாளைக்கே இன்னும் பெரியது வந்துவிட்டால் சுவரில் இருப்பது பழைய சாதனை ஆகிவிடும். இந்த எண்ணுக்கு ஒரு சார்ட் போதும். ஒட்டிவிட்டேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கிருந்தோ 12345678910987654321ஐ எழுதிக்கொண்டு வந்தான். ஒன்றிலிருந்து பத்துவரை ஏறி, திரும்ப இறங்குகிற எண். இருபது இலக்கம், பகா எண்தான். கண்ணுக்கு அழகு. நான் வேண்டாமென்றேன். அந்த அழகு முழுவதும் நாம் பத்து விரலால் எண்ணிப் பழகியதில் இருக்கிறது. எட்டு விரல் இருந்திருந்தால் இதைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் அவனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொண்ட மற்ற எல்லா எண்களையும் 4ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது. அவன் கொண்டு வந்ததில் மட்டும் மீதி 1. அதனால் அதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான். 13 = 4 + 9, 29 = 4 + 25 என்பதுபோல. இதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எண்ணை ஒதுக்கியது தப்போ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அடுத்தது பத்தொன்பது ஒன்றுகள்:

1111111111111111111

இதுவும் பத்தின் அடிப்படையில் பிறந்த அழகுதான் என்று நீங்கள் கேட்கலாம். வெளியே அப்படித் தெரிந்தாலும் உள்ளே நல்ல இயற்கணிதம் இருக்கிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் முழு எண்ணும் கட்டாயம் பகு எண். ஆறு ஒன்றுகளை 111 × 1001 என்று எழுதிக் காட்டினால் ஏழாம் வகுப்புக்கும் புரிந்துவிடும். எண்ணிக்கை பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. 111 = 3 × 37. 11111 = 41 × 271. ஏழு ஒன்றுகள் 239 × 4649. பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாம் உடைந்துபோகின்றன. 11க்குப் பிறகு உடையாமல் நிற்கிற முதல் எண் இந்தப் பத்தொன்பதுதான். அடுத்தது இருபத்து மூன்று. அதற்கப்புறம் 317 ஒன்றுகள்வரை ஒன்றுகூடக் கிடையாது.

இதைக்கொண்டு 1ஐ வகுத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். பதினெட்டுப் பூச்சியம், ஒரு 9, மறுபடி பதினெட்டுப் பூச்சியம், ஒரு 9 என்று போய்க்கொண்டே இருக்கும். தசம விரிவு பத்தொன்பது இலக்கத்துக்கு ஒருமுறை திரும்புகிற பகா எண் உலகில் இது ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தடுத்தது பெயின்டர். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "ஏனுங் டீச்சர், ஒரே நம்பரைப் பத்தொம்பது தடவை எழுதோணுமுங்களா? நடுவுல ஒரு டீ குடிச்சுட்டு வந்தா எங்க உட்டேன்னு தெரியாதுங்களே" என்றார். நியாயமான பயம். ஒன்று குறைந்து பதினெட்டு ஆகிவிட்டால் அந்த எண் 9ஆல் வகுபடும். ஒன்று கூடி இருபது ஆகிவிட்டால் 11ஆல் வகுபடும். எழுதியவர் ஒரு கோடு தவறினாலும் சுவரில் நிற்பது பகா எண்ணாக இருக்காது, தவறியதைப் பார்ப்பவர் கண்டுபிடிக்கவும் முடியாது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் எண்ணாகவே தெரியாது, சன்னல் கம்பி வரிசைபோல இருக்கும். விட்டுவிட்டேன்.

நான்காவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. காரணம் கணக்கு மட்டும் இல்லை, ஊரும்தான்.

ராமானுஜன் என்றால் எல்லோருக்கும் கும்பகோணம். பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. தாய்வழிப் பாட்டி வீடு. எங்கள் பக்கத்தில் அமுச்சி வீடு என்போம். ஒரு வயது வாக்கில் கும்பகோணம் போய்விட்டார் என்றாலும் முதல் அழுகை இந்தக் காற்றில்தான். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். அவர் பெயர் சொல்கிற பெரிய பகா எண் ஒன்று இருந்தால் அதைவிடப் பொருத்தம் ஏது?

இருக்கிறது. 1916இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் டௌ என்ற சார்பு வருகிறது. (1 − அ)(1 − அ²)(1 − அ³) என்று முடிவில்லாமல் பெருக்கிக்கொண்டே போய், வந்ததை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி, மேலே ஓர் அ பெருக்கினால் ஒரு தொடர் கிடைக்கும். அதன் கெழுக்கள், அதாவது அ, அ², அ³ முன்னால் வரும் எண்கள்தாம் டௌ மதிப்புகள்: 1, −24, 252, −1472, 4830, −6048 என்று போகும். பார்த்தால் ஒழுங்கே இல்லாததுபோல இருக்கும். ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்குங்கள்: −24 × 252 = −6048, அதாவது ஆறாவது. ராமானுஜன் இதைக் கவனித்துச் சொன்னார். கணிதவியலர் மோர்டெல் 1917இல் நிறுவினார். பகா எண்ணின் வர்க்கத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. டௌ(2)ஐ வர்க்கமாக்கி 2¹¹ஐக் கழித்தால் 576 − 2048 = −1472; அதுதான் டௌ(4). இதற்கெல்லாம் மேல் 691. டௌ(2)க்கும் 1 + 2¹¹ = 2049க்கும் இடையிலான வித்தியாசம் 2073; அது 3 × 691. டௌ(3)க்கும் 1 + 3¹¹க்கும் இப்படியே செய்யுங்கள், அங்கும் 691 வந்து நிற்கும். எல்லாப் பகா எண்ணுக்கும் வரும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது எனக்கே ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

இந்த டௌ மதிப்புகளில் பகா எண் உண்டா? ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களில் மட்டும்தான் டௌ ஒற்றைப்படையாக வரும். தேட வேண்டிய இடம் அதனால் சுருங்குகிறது. 1965இல் அமெரிக்கக் கணிதவியலர் லெஹ்மர் தேடிக் கண்டது 251இன் வர்க்கமான 63001இல். டௌ(251)இன் வர்க்கத்திலிருந்து 251¹¹ஐக் கழித்தால், கழித்தல் குறியை நீக்கிவிட்டுப் பார்க்க, வருவது இது:

80561663527802406257321747

இருபத்தாறு இலக்கம். பதின்மூன்று அடி. சுவரில் கச்சிதமாக உட்காரும்.

இரண்டு நாள் இதையே எழுதிவிடுவது என்றுதான் இருந்தேன். தயங்க வைத்தது என் முதல் கேள்வியேதான். பிள்ளை கேட்பாள்: "இது எப்படி டீச்சர் வந்துச்சு?" 24ஆம் அடுக்குக்கு உயர்த்திய முடிவில்லாப் பெருக்கத்தில் 251ஆவது கெழு என்று பதில் சொன்னால், அவளுக்கு அது மலைக்கோயில் விளக்கு மாதிரி, தூரத்தில் தெரியும், கைக்கு எட்டாது. சின்ன டௌ மதிப்புகளைக் கையால் போட முடியும், பெருக்கல் விதியைச் சரிபார்க்க முடியும். ஆனால் சுவரில் இருக்கும் அந்த எண்ணோடு அவளுக்கு நேரடியாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருக்காது. ராமானுஜன் பெயருக்காக ஒரு எண்ணைக் கும்பிட வைப்பது அவருக்கே பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் ஸ்லேட்டில் போட்டுப் பார்த்த ஆள்.

ஐந்தாவது 2¹²⁷ − 1.

170141183460469231731687303715884105727

1876இல் பிரான்சின் லூக்காஸ் இது பகா எண் என்று நிறுவினார். எந்திரத்தின் உதவி இல்லாமல் மனிதர் கண்டவற்றில் இன்றுவரை பெரியது இதுதான். 1951வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், இதைத் தாண்டி யாரும் போகவில்லை. இதன் பிறப்பே ஒரு படிக்கட்டு: 2² − 1 = 3, 2³ − 1 = 7, 2⁷ − 1 = 127, அப்புறம் 2¹²⁷ − 1. நான்கு படியும் பகா எண். ஐந்தாம் படியும் அப்படியா என்பது யாருக்கும் தெரியாது. இப்போதைய எந்தக் கணினியாலும் நெருங்க முடியாத உயரம் அது.

இந்த எண்ணின் நிஜமான பெருமை அதைச் சோதிக்கிற முறையில் இருக்கிறது. லூக்காஸ் தொடங்கி வைத்தார். 1930இல் செம்மைப்படுத்தியவர் மேலே சொன்ன அதே லெஹ்மர். 4இல் தொடங்க வேண்டும். வர்க்கமாக்கி 2ஐக் கழிக்க வேண்டும். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்து முடித்தால் மீதி பூச்சியமாக வரவேண்டும். வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 127ஐச் சோதிப்போம். அடுக்கு 7, ஆக ஐந்து தடவை: 4 → 14 → 67 → 42 → 111 → 0. பூச்சியம், பகா எண். 2¹¹ − 1 = 2047க்கு ஒன்பது தடவை: 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. பூச்சியம் வரவில்லை. பகு எண்; 23 × 89. இதில் வியப்பு என்னவென்றால், காரணி எது என்றே தெரியாமல் "இது உடையும்" என்று இந்த முறை சொல்லிவிடுகிறது. லூக்காஸ் அதே ஆண்டில் 2⁶⁷ − 1 பகு எண் என்று சொன்னார். 1644இல் மெர்சென் பாதிரியார் போட்ட பட்டியலில் அது பகா எண்ணாக இருந்தது. 193707721 × 761838257287 என்று கோல் என்பவர் பிரித்துக் காட்டியது 1903இல்தான். இருபத்தேழு ஆண்டுகள், உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது.

மேல்நிலைப் பள்ளியாக இருந்து, கணினி அறையும் இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். பைத்தான் மொழியில் நான்கு வரி எழுதினால் 125 தடவை ஓடிப் பூச்சியத்தில் வந்து நிற்பதை பதினோராம் வகுப்பு கண்ணால் பார்க்கும். எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. 39 இலக்க எண்ணை 125 முறை வர்க்கமாக்குவது கையால் ஆகிற காரியமில்லை. அதோடு பெயின்டர் கணக்கில் முப்பத்தாறுதான் பிடிக்கும். மூன்று இலக்கம் மடங்கி இரண்டாம் வரிக்கு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எண்ணை மடித்து எழுதினால் அதன் நீளம் கண்ணில் படாது.

மிச்சம் இருந்தது 2³¹ − 1. அதாவது 2147483647.

பட்டியலில் எல்லாவற்றையும்விடச் சின்னது. பத்தே இலக்கம். முதல் நாளே கவனத்துக்கு வந்து, "இது என்ன பெரிய எண்" என்று நானே தள்ளி வைத்தது. செல்போன் எண் அளவுதானே என்றுகூட உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது இது மட்டும் அசையாமல் நின்றது.

1772இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவினார். அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. நேரடியாகச் சோதிப்பதென்றால் வர்க்கமூலமான 46340 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைப்படை எண்கள் மட்டும் என்றாலும் இருபத்து மூவாயிரத்துக்கு மேல். ஆய்லர் அதைச் சுருக்கினார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31ஆல் வகுபட வேண்டும். அந்த எண் ஒற்றைப்படை என்பதால் 62ஆலும் வகுபட வேண்டும். 8ஆல் வகுத்தால் அதன் மீதி 1 அல்லது 7 ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வருகிற எண்கள் மட்டுமே காரணியாக வர வாய்ப்பு உண்டு. 63 பகு எண், அதை விட்டுவிட்டு 46340 வரை எண்ணினால் 372 எண்கள். இருபத்து மூவாயிரம் 372 ஆகிவிட்டது.

முந்நூற்று எழுபத்திரண்டு என்பது ஒரு வகுப்பு செய்து முடிக்கிற வேலை! ஜூனில் பள்ளி திறந்ததும் செய்து பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பில் 34 பேர். அன்றைக்கு நல்ல முகூர்த்தம், மூன்று பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் 31 பேர். 372ஐ 31ஆல் வகுத்தால் ஆளுக்குச் சரியாகப் பன்னிரண்டு. மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்கிற அப்பாவிடமிருந்து ஒருத்தி பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர் வாங்கி வந்திருந்தாள். கால்குலேட்டர் கொண்டுவந்த மற்றவர்களோடு சேர்த்து இரண்டு பேருக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள்.

முதல் எண் 249, அடுத்தது 311. 311ஐ எடுத்துக்கொண்டவள் தட்டினாள். 6905092.11 என்று வந்தது. தசமத்தை விட்டுவிட்டு 6905092ஐ 311ஆல் பெருக்கச் சொன்னேன்: 2147483612. கழித்தால் மீதி 35. நோட்டில் '311 — ஆகாது — மீதி 35' என்று எழுதினாள். 1303க்கு மீதி 226. இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல். "டீச்சர், 559ங்கிறது 13 பெருக்கல் 43. 13ஆலயும் 43ஆலயும் வகுபடாதுன்னு ஆய்லரே சொல்லிட்டாருங்களே, அப்புறம் 559ஆல எப்படி வகுபடும்?" அறையே ஒரு நிமிடம் நின்றது. அவள் சொன்னது சரி. 559 மாதிரி உடைகிற எண்களை வகுக்கவே வேண்டாம். பகா எண்கள் மட்டும் போதும். உடனே ஒவ்வொருவரும் தங்கள் பன்னிரண்டில் உடையக்கூடியவற்றை அடிக்க ஆரம்பித்தார்கள். 5இல் முடிவது போயிற்று, இலக்கங்களைக் கூட்டினால் 3ஆல் வகுபடுவது போயிற்று, 497 ஏழால் போயிற்று. வேலை பாதிக்கும் கீழே இறங்கியது. வகுக்கச் சொன்னது நான். வகுக்க வேண்டாம் என்று கண்டுபிடித்தது அவர்கள்.

ஒன்றரைப் பீரியடில் முடிந்தது. ஒரு மீதிகூடப் பூச்சியம் இல்லை. ஐயம் வந்த ஐந்தாறு எண்களைப் பக்கத்தில் இருந்தவர் மறுபடி போட்டுப் பார்த்தார். கடைசி நோட்டு வந்ததும் யாரும் சொல்லாமலே கைதட்டினார்கள். ஆய்லருக்குத் தெரிந்த ஓர் உண்மை அன்று மத்தியானம் எங்கள் ஊரில் முப்பத்தொரு பேருக்குச் சொந்தமாகத் தெரிந்தது.

இந்த எண்ணுக்கு வேறு சொத்துகளும் உண்டு. கணினியில் 32 இரும இடங்களில் (பிட்) குறியோடு எழுதக்கூடிய முழு எண்களில் இதுதான் பெரியது. 1970இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணி அந்த இடத்தில் வைக்கும் பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 காலை, நம் நேரப்படி 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குக் கணக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடிக்கு இடமிருக்காது. இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு அப்போது வேலை, குடும்பம் எல்லாம் வந்திருக்கும்.

இன்னொன்று, எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது. ஒன்றில் தொடங்கி 16807ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள்; 2147483647ஐத் தாண்டும்போதெல்லாம் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 16807, 282475249, 1622650073 என்று போகும். 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு தடவை வந்துபோன பிறகுதான் மறுபடி 1 வரும். ஒன்றுகூட விடுபடாது, ஒன்றுகூட இரண்டு தடவை வராது. தற்போக்கு எண்கள் (ராண்டம் நம்பர்) உண்டாக்கக் கணினிகள் பல ஆண்டுகள் இதைப் பயன்படுத்தின. ஆண்டு விழாவில் பரிசுச் சீட்டு எடுக்க நாங்கள் இதையே வைத்துக்கொள்ளப் போகிறோம். அந்த 16807 வேறெதுவும் இல்லை, 7ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது.

தமிழில் வாய்விட்டு வாசிக்க முடிகிற எண்ணும் பட்டியலில் இது ஒன்றுதான். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்யுள்போல் ஒப்பிக்கிறார்கள்.

ராமானுஜனின் இருபத்தாறு இலக்கத்தை முழுவதும் விட மனமில்லை. டிசம்பர் 22 கணித தினத்தன்று, டௌ(2)இலிருந்து டௌ(6)வரை பிள்ளைகளே கையால் போட்ட தாள்களுக்கு நடுவே அதை வைப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு அதற்குத் துணைக்கு ஆள் இருக்கும்.

பெயின்டர் மறுபடி வந்தது ஒரு சனிக்கிழமை. தாளை நீட்டினேன். பத்தே இலக்கம் என்பதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. "அப்பச் செரிங் டீச்சர், அரை அடி எதுக்குங்க, ஒரு அடிக்கு ஒண்ணா நல்லாப் பெருசாவே போட்டர்லாம்" என்றவர், சாக்பீஸ் நூலை இழுத்துக் கோடு தட்டினார். அப்புறம் திரும்பி, "கோடிக்கு லட்சத்துக்கு நடுவுல காற்புள்ளி வெக்கட்டுங்களா?" என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். சிவப்பு எனாமலில் முதல் 2ஐ எழுதி முடித்து ஏணியை நகர்த்தும்போது, கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று பேரில் ஒருவன் வாசலில் நின்று, "டீச்சர், என்ற பன்னெண்டை நான் இன்னும் வகுக்கலீங்களே" என்றான். நோட்டை எடுத்து வந்து உட்காரச் சொன்னேன்.